காயக் கூடாத இரும்பு

“வெளியே எடுத்து வை,” என்றார் அருங்காட்சியக இயக்குநர். “அவ்வளவுதான்.”

தொட்டித் தண்ணீருக்குள் இரண்டு இரும்பு வளையங்கள். நடுவில் ஒரு சாண் கம்பி.

மூழ்கிய பழங்கப்பலுக்குள் இறங்கி அவள் எடுத்து வந்தது. மதுச்சாடிகளோடு சரக்காய்க் கிடந்தது.

“கால்விலங்கு சார். சின்னப் பிள்ளைக்கு உள்ளது.”

“நங்கூரத்துல ஏதாவது துண்டா இருக்கும்.”

“நங்கூரத்துக்கு எதுக்கு சார் பூட்டு?”

“ஏம்மா, திங்கட்கிழமை மந்திரி வர்றார். மிளகு வித்தோம், முத்து வித்தோம், உலகமே நம்ம வாசல்ல வந்து நின்னுச்சுன்னு கூடம் முழுக்க எழுதி வெச்சிருக்கோம். இதை நடுவுல வெச்சா, பிள்ளையையும் வித்தீங்களான்னு எவனாவது கேப்பான்.”

“கேக்கட்டும்.”

“உங்க ஆளுங்களுக்கு எதைப் பார்த்தாலும் விலங்குதான்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

“உன்னை நிரந்தரம் பண்ற உத்தரவு என் மேஜைல இருக்கு. சாயங்காலம் கையெழுத்துப் போடலாம்னு இருக்கேன். இதை எடுக்கும்போது கையுறை போட்டுக்கோ. துரு ஒட்டும்.”

போய்விட்டார்.

உடைக்கச் சொல்லவில்லை. ஒளிக்கவும் சொல்லவில்லை.

கடலில் கிடந்த இரும்பு காயக் கூடாது. காய்ந்தால் உள்ளே ஊறிய உப்பே அதைச் செதில் செதிலாகப் பிளக்கும். கொஞ்ச நாளில் பொடி. அள்ளிக் கொட்டலாம். யாரும் எதுவும் செய்திருக்க மாட்டார்கள்.

அவளுக்கு இதைச் சொல்லித் தந்ததே அவர்தான்.

தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினாள்.

தண்ணீர் இறங்கியது.

போன் அடித்தது. அம்மா. உப்பளத்திலிருந்து.

“ஏட்டி, ஆர்டர் வந்துட்டா?”

அவள் வாயைத் திறப்பதற்குள் அம்மாவே பேசினாள்.

“கங்காணிட்ட சொல்லிட்டேன். எம்மவ கவர்மெண்டு உத்தியோகம், நாளையில இருந்து உப்பு வார வேற ஆளப் பாத்துக்கிடும்னு. அவன் மூஞ்சிய நீ பாக்கணுமே!”

அம்மாவுக்குப் பின்னால் வேறு பெண்களும் சிரித்தார்கள்.

ஒரு வளையத்தின் விளிம்பு தண்ணீருக்கு மேலே வந்துவிட்டது. அவள் மணிக்கட்டே அதற்குள் இறுகும்.

தண்ணீர் வடியும் துவாரத்தில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

“எம்மா.”

“சொல்லுட்டி.”

“நாளைக்கும் உப்பளத்துக்குப் போம்மா.”