மேற்படி

மஞ்சள் வரவில்லை.

பம்பு அறை ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடிக் குழாயைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார் ஆபரேட்டர். தண்ணீரில் குளோரின் இருந்தால், ஐந்து சொட்டு மருந்து விட்டதுமே மஞ்சள் தட்டிவிடும். இதுவோ நிறம் மாறாமல் அப்படியே இருந்தது.

நான்கு மணிக்கு வால்வைத் திறந்தாக வேண்டும். இன்னும் இருபது நிமிடம்.

காலையில்தான் அவருடைய சின்ன மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். விடிந்ததிலிருந்து வாந்தியும் பேதியும். பக்கத்துக் கட்டிலில் எதிர்வீட்டுப் பையன். அதற்கடுத்ததில் அவள் வகுப்புத் தோழி. எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டதும் மனைவி முந்திக்கொண்டாள்.

"இவரு விடுற தண்ணிதான் டாக்டர். வேற தண்ணி நாங்க வாயிலயே வைக்கிறதில்ல."

பெருமையாகத்தான் சொன்னாள்.

அவர் அங்கிருந்து நேரே இங்கே வந்து, அலமாரியைக் குடைந்து, மூலையில் கிடந்த பழைய சோதனை மருந்துப் புட்டியை எடுத்தார். அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது.

மருந்து கெட்டுப்போயிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒரு குவளைத் தண்ணீரில் ஒரு சிட்டிகை பிளீச்சிங் பவுடரைக் கலக்கினார். மிச்சச் சொட்டுகளை அதில் விட்டார்.

பளிச்சென்று நிறம் வந்தது, மஞ்சளையும் தாண்டி ஆரஞ்சாக. மருந்தின் மேல் ஒரு குறையும் இல்லை.

பவுடர் கரைசலைத் தண்ணீர்த் தொட்டியில் சொட்டவிடுகிற டியூபை ஓடிப்போய் நசுக்கிப் பார்த்தார். உள்ளே பவுடர் கல்லாக இறுகி அடைத்துக் கிடந்தது. எத்தனை நாளாகவோ. பவுடர் மூட்டை தீரவே இல்லையே என்று போன வாரம்தான் இன்ஜினியர் அவரை முதுகில் தட்டிக்கொடுத்திருந்தார். சிக்கனம் என்றால் என்னவென்று நகராட்சியே இவரிடம் கற்றுக்கொள்ள வேண்டுமாம். ஆபரேட்டரும் வாயெல்லாம் பல்லாக நின்றார்.

எங்கே பார்த்தாலும் சிக்கனப் பேச்சுதான். மாநில அரசு பட்ஜெட்டில் நகராட்சிக்குத் தரும் மானியத்தைப் பாதியாக வெட்டிவிட்டது. முதலில் சோதனை மருந்து வருவது நின்றது. பிறகு தண்ணீரைச் சோதிக்கிற பெண்ணையே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவளுடைய ரெஜிஸ்டரை இவர் தலையில் கட்டினார்கள்.

கடைசி நாளன்று அவள் ஒரு வரி எழுதினாள். பக்கத்தைத் திருப்பி, புதுப் பக்கத்தின் உச்சியில் விரலை வைத்துக் காட்டினாள்.

"நான் எழுதினதையே எழுதிட்டு வாங்கண்ணே. மேற்படின்னு போட்டாப் போதும்."

போட்டார். ஏழு வாரமாகப் போட்டார். தேதி, மேற்படி, கையெழுத்து. வாரம் ஒருமுறை இன்ஜினியர் வந்து பச்சை மையில் ஒரு கிறுக்கல். அலுவலகத்தில் அவர் பெயரே மேற்படி என்றாகிவிட்டது. டீ சொல்லும்போதுகூட, மேற்படிக்கு மேற்படிதானே என்று கேட்டுச் சிரிப்பார்கள். தண்ணீர் நேற்று நன்றாக இருந்தது, இன்றும் நன்றாக இருக்கிறது, அதைத்தான் எழுதுகிறோம் என்று அவர் நினைத்திருந்தார்.

இன்ஜினியருக்குப் போன் போட்டார். இன்றைக்கு வால்வைத் திறக்க மாட்டேன் என்றார். வீடுகளில் பிடித்து வைத்திருக்கும் தண்ணீரை யாரும் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது, உடனே மைக் கட்டிச் சொல்லுங்கள் என்றார். இன்ஜினியரிடம் அவர் இப்படிப் பேசியதே இல்லை.

இன்ஜினியர் நிதானமாகப் பேசினார். மைக் கட்டச் சொல்கிறேன், அதற்காகப் பதறாதீர்கள், யார் வந்து கேட்டாலும் ரெஜிஸ்டர் இருக்கிறது, குளோரின் சரியாக இருந்ததாகத்தானே எழுதியிருக்கிறோம், அந்த அளவு எவ்வளவு என்று மட்டும் பார்த்துப் படியுங்கள் என்றார்.

போனைக் காதில் இடுக்கிக்கொண்டு ரெஜிஸ்டரை விரித்தார்.

மேற்படி. மேற்படி. மேற்படி. விரல் வரிவரியாக மேலே ஏறியது. சின்னவள் எந்த நாள் குடித்த தண்ணீரோ, இந்த வரிகளுக்குள்தான் அதுவும் இருந்தது. பக்கத்தைத் திருப்பினார். அங்கும் மேற்படி. இன்னொரு பக்கம் திருப்பினார்.

அதன் கடைசி வரியில், உருண்டை உருண்டையாக, அந்தப் பெண்ணின் கையெழுத்து. இத்தனை நாளில் அதை அவர் படித்ததே இல்லை. இப்போது போனில் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

"சோதிக்கவில்லை. மருந்து இல்லை."

அந்த வரிக்குப் பக்கத்திலேயே பச்சை மையில் இன்ஜினியரின் கையெழுத்து இருந்தது.