கதவு சாத்த வந்தவர்

கடலிடம் ஒரு பொய் சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு.

மதியம் இரண்டு மணி. கடல் உள்வாங்கிக்கொண்டே போனது. இன்னும் கால் மணி நேரத்தில் திரும்பிவிடும். அதற்குள் சொல்லியாக வேண்டும்.

வேல்ஸ் கரையிலிருந்து நேர்கோடாகக் கடலுக்குள் ஓடும் கல்வரம்பின் மேல் நடந்தார். பாசி வழுக்கியது. எழுபத்தொன்பது வயதுக் கால்கள் ஒவ்வொரு கல்லையும் விசாரித்துவிட்டுத்தான் மிதித்தன.

பனியாறு ஒரு காலத்தில் கொண்டுவந்து கொட்டிய கற்கள் என்று நிலவியல்காரர்கள் எழுதிவைத்திருக்கிறார்கள்.

அவர்களில் ஒருவர்கூடப் பக்கத்து வீட்டு இத்வாலோடு தேநீர் குடித்ததில்லை.

இத்வாலைக் கேட்டால், இது மதில். அப்பால் ஒரு நாடு இருந்தது. பதினாறு ஊர்கள். ஒரு விருந்து நாளில் மதகுக் காவல்காரன் குடித்துவிட்டுக் கதவைச் சாத்த மறந்தான். பதினாறும் போயின. மூழ்கிய மாடுகள் இன்னமும் அடியில் மேய்கின்றன. வேல்ஸ் வெண்ணெய் உப்புக் கரிப்பது வேறெதனால்?

அந்தக் காவல்காரனின் வம்சத்தில் கடைசி ஆள் இத்வால்.

கடல் மிக அதிகமாக வற்றும் நாளில், வருடத்துக்கு ஒரு முறை, அந்த வீட்டு ஆள் ஒருவர் வரம்பின் நுனிக்குப் போக வேண்டும். இன்னார் என்று சொல்ல வேண்டும். கதவு சாத்தியாயிற்று என்று சொல்ல வேண்டும். ஓர் அலை வந்து காலைத் தொட்டுத் திரும்பினால் கடல் ஒப்புக்கொண்டதாக அர்த்தம். இத்வால் அறுபத்தொரு வருடம் போனார். ஒரே ஒரு வருடம் பொன்னுக்குவீங்கி. அந்த வருடம் தேவாலயத்தின் மூன்று பெஞ்சுகளைக் கடல் எடுத்துக்கொண்டு போனது.

இப்போது இடுப்பு எலும்பு முறிந்து, குன்றின் மேலிருக்கும் முதியோர் இல்லத்தில் கிடக்கிறார். மனைவி இல்லை. பிள்ளை இல்லை.

வெள்ளிக்கிழமை இவர் பார்க்கப் போயிருந்தார். அந்த ஊரில் பெயரோடு தொழிலை ஒட்டிவிடுவார்கள். ரொட்டி டேவிஸ். தபால் ஹியூ. தரங்கம்பாடியிலிருந்து வந்து கப்பல் எஞ்சின் ஓட்டிய இவர் அவர்களுக்கு வெறும் ‘கப்பல்’.

“ரத்த உறவுதான் போகணும், கப்பல்.”

“என் ரத்தத்துல இருக்கிறது சர்க்கரை மட்டுந்தான்.”

“கூடப்பிறந்தவன்னு சொல்லிடு. கடலுக்குக் கண்ணு கிடையாது. காதுதான்.”

“காது இருந்தா வெளியூர்க்காரன் குரல்னு தெரிஞ்சிடுமே.”

“உன் ஊர்லயும் இதே தண்ணிதானேய்யா கிடக்கு?”

சொல்லிவிட்டு இத்வால் சிரித்தார். சிரிப்பு முடிந்த பிறகும் இவருடைய கையைப் பிடித்தபடியே இருந்தார்.

“வேற ஆள் இல்ல கப்பல்.”

வரம்பின் நுனி.

இத்வால் வேல்ஷ் மொழியில் சொல்லச்சொல்லத் தான் எழுதிக்கொண்ட காகிதத்தைப் பிரித்தார். காற்று பறித்துக்கொண்டு போனது.

நின்றார்.

கூடப்பிறந்தவன் என்றால் யார்? இத்வாலின் மொழியில் மூத்தவன் இளையவன் எல்லாம் ஒரே சொல். இவர் அப்படிச் சொல்லிப் பழகவில்லை. இத்வாலுக்கு எண்பத்து நான்கு.

“தம்பி,” என்றார், மெதுவாக.

தரங்கம்பாடியில் கடைசி உறவும் போனபின், பதினொரு வருடமாக அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. மனைவி மெய்ர் போய் ஏழு வருடம். வீட்டில் தொலைபேசி அடித்தால் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர்தான்.

ஒரு கடல்நாய் தலையை நீட்டிப் பார்த்தது. சாட்சி என்று ஒன்று வேண்டுமே.

தொண்டையைச் செருமிக்கொண்டார். உரக்கச் சொன்னார்.

“நான் இத்வாலோட தம்பி. கதவச் சாத்தியாச்சு.”

ஒன்றும் நடக்கவில்லை.

“எங்க அண்ணனுக்கு இடுப்பு ஒடிஞ்சு கெடக்கு. அதான் நான் வந்தேன்.”

இதை யாரும் சொல்லச் சொல்லவில்லை. ஆனால் வாய் அதோடு நிற்கவில்லை. அண்ணனுக்குக் கஞ்சி இறங்கவில்லை என்றார். அண்ணன் வீட்டுச் சாவி தன்னிடம்தான் இருக்கிறது என்றார். கடலுக்குத் தமிழ் புரிந்துகொள்ள நேரம் பிடித்தது போலும். இரண்டே காலுக்குத் திரும்ப வேண்டிய தண்ணீர் இரண்டு இருபத்து நான்கு வரை அப்படியே நின்றது. கைக்கடிகாரத்தில் பார்த்தார். சந்தேகம் உள்ளவர்கள் கடல்நாயைக் கேட்டுக்கொள்ளலாம்.

பிறகு ஓர் அலை வந்தது.

பூட்ஸைத் தொட்டது. திரும்பியது.

முழங்கால் தண்ணீரில் கரை சேர்ந்து, குன்றேறி இல்லத்துக்குப் போனபோது மணி நாலு. மூச்சு வாங்கியது. இத்வாலிடம் எதை முதலில் சொல்வது என்று வழியெல்லாம் அடுக்கிக்கொண்டே வந்திருந்தார்.

வாசல் மேசையில் புதிய நர்ஸ்.

“நீங்க இத்வாலுக்கு உறவா?”

பக்கத்து வீடு என்பதுதான் அவர் இதுவரை சொல்லிவந்த பதில். நாக்கில் உப்பு இன்னும் காயவில்லை.

“தம்பி,” என்றார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். சொட்டிக்கொண்டிருந்த காற்சட்டையைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

கடல் நம்பியது. அவளும் நம்பினாள்.

மேசையில் ஒரு பழுப்பு உறை. அதன் மேல் இத்வாலின் மூக்குக்கண்ணாடி, காது மடக்கி.

அவள் எழுந்து வந்து ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“உக்காருங்க,” என்றாள். “காலையிலேர்ந்து அவரோட சொந்தக்காரங்களத்தான் தேடிக்கிட்டிருக்கோம்.”