பெற்றோர் கையெழுத்து

“ஆர்லீன், இது உங்க அம்மா போட்ட கையெழுத்துன்னு என்னை நம்பச் சொல்றீங்களா?”

பயிற்சி நோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டாள் பியானோ டீச்சர் கெய்ட்லின். அவளுக்கு வயது இருபத்தேழு. எதிரே நின்ற மாணவிக்கு அறுபத்தாறு.

“நம்பாட்டி போ! ஆறு வருஷம் நான் ஓட்டின ஸ்கூல் பஸ்ல வந்தவ நீ. நான் பொய் சொல்லிப் பார்த்திருக்கியா?”

கனடாவில், மனிடோபாவின் அந்தச் சின்ன ஊரில், சர்ச்சின் கீழ்த்தள ஹாலில் கச்சேரி தொடங்கப் பத்து நிமிடம்தான் இருந்தது. மேஜையில் பட்டர் டார்ட் இனிப்புத் தட்டுகள்கூட வந்துவிட்டன.

தினமும் அரை மணி நேரம் வாசித்ததற்கு வாரா வாரம் பெற்றோர் கையெழுத்து வேண்டும். ஒரு வாரம் விட்டாலும் கச்சேரியில் இடமில்லை. இது கெய்ட்லினின் சட்டம். பெரியவர்களுக்கு இதெல்லாம் வேண்டாம் என்று அவள் முதல் நாளே சொன்னாள். “பொடிசுகளுக்கு என்ன சட்டமோ அதேதான் எனக்கும். வயசுக்காகச் சலுகை காட்டாதே” என்று வீறாப்பாக நோட்டை வாங்கிக்கொண்டவள் ஆர்லீன்தான்.

“போன மாசம் அப்பா கையெழுத்தைத் தானே போட்ட ப்ரூக்கையே லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டேன். எட்டு வயசுப் பொண்ணு, அழுதுகிட்டே போனா. இப்ப உங்களை விட்டா அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?”

“அது கள்ளக் கையெழுத்து. இது எங்கம்மா போட்டது.”

“உங்களுக்கே அறுபத்தாறு. உங்கம்மா...” கெய்ட்லின் இழுத்தாள்.

“போய்ச் சேர்ந்துட்டாங்கன்னு யார் சொன்னது?”

ஆர்லீனுக்கு ஆத்திரம் பொங்கியது. நாற்பது வருடம் ஸ்டியரிங்கின் மேலேயே விரலால் பியானோ வாசித்தவள். இன்றைய ஐந்து நிமிடத்துக்காகத்தான் புது கவுனே தைத்திருந்தாள். அது கைநழுவிப் போனால் தாங்க முடியாது.

அப்போது வாக்கரைத் தள்ளிக்கொண்டு ஒரு மூதாட்டி உள்ளே வந்தார்.

“நான் ஹில்டா. எம்பொண்ணு ஆர்லீன் எத்தனையாவதா வாசிக்கிறா? முன் வரிசையில எனக்கு ஒரு நாற்காலி போடும்மா.”

கெய்ட்லினின் முகம் சிவந்துவிட்டது. “மன்னிச்சிடுங்க ஆர்லீன். நீங்களே போட்டுக்கிட்டீங்கன்னு தப்பா நினைச்சிட்டேன். நீங்கதான் முதல்ல வாசிக்கணும்!”

“இப்பவாவது புரிஞ்சுதே!” ஆர்லீன் நோட்டை வெடுக்கென்று வாங்கிக் கைப்பைக்குள் திணிக்கப் போனாள்.

“நான் கையெழுத்துப் போடற நோட்டுதானே அது? இப்படிக் கொடு.” ஹில்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“முதல் பதினோரு வாரமும் நான் போட்டதுதான்,” என்றார் நிதானமாக. “கடைசி வாரம் நான் போடவே இல்லையே! செவ்வாய்க்கிழமை பியானோ மூடியைக்கூடத் தொறக்காம பிங்கோ ஆடப் போனவளுக்கு நான் எப்படிப் போடுவேன்?”