மாடிக்குப் போகும் லிங்க்

அக்கா புருஷனின் நாற்காலிக் கடைக்கு அவன் இணையதளம் செய்ய ஒப்புக்கொண்டதே, மாமா வாயிலிருந்து ஒருதரமாவது ஒரு நல்ல வார்த்தை வாங்கிவிடத்தான். திறப்பு நாள் காலையில் மெனுவில் எதைத் தட்டினாலும் ‘மாடி’ என்ற பக்கமே வந்து நின்றது. அப்படியொரு பக்கத்தை அவன் செய்யவே இல்லை.

“மேல தகரக்கூரை, நமக்கு ஏது மாப்ள மாடி? இதுக்கா அவ்வளவு படிச்ச?” என்றார் மாமா. அக்கா வேறு பக்கம் பார்த்தாள்.

தட்டிய லிங்க்கின் முகவரியை, அவன் எழுதிய விதிகளோடு மேலிருந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, முதலில் பொருந்துகிற பக்கத்தைத்தான் தளம் திறக்கும். எதற்கும் பொருந்துகிற விதியைக் கடைசியில் வைக்காமல், அவசரத்தில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்திருந்தான். அதைக் கீழே இறக்கியதும் மற்ற லிங்க்குகள் சமர்த்தாகத் தத்தம் பக்கத்துக்குப் போயின. ‘மாடி’யை மெனுவிலிருந்தே அழித்தான். மறுபடி திறந்தால், அது இருந்தது. அதன் படத்தில் ஜன்னலோரம் நீல மெத்தை போட்ட ஒற்றை நாற்காலி.

கடைக்குள் அவர்கள் மூவர்தான்; ஷட்டரை இன்னும் தூக்கவில்லை. கடையின் உள்பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் அந்த நீல நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“மேல இருக்கறவர் கீழ பில் போட்டுக்கச் சொன்னார்.”

மாமா தகரக்கூரையை அண்ணாந்து பார்த்தார். பிறகு பில் புத்தகத்தை இழுத்துக்கொண்டார்.

“எவ்வளவு சொன்னாரும்மா?”

ஷட்டரைத் தூக்கி அந்த அம்மாளை அனுப்பிவிட்டு, அவன் தோளில் தட்டினார். “அந்த லிங்க்க மட்டும் எடுத்துடாத மாப்ள. நல்லா பண்ணியிருக்க.”

அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். படத்தில் ஜன்னலோரம் காலியாக இருந்தது. தலைக்கு மேலே யாரோ இன்னொரு நாற்காலியை மெல்ல இழுத்துக்கொண்டு போனார்கள்.