சொட்டுச் சொட்டாக

மாடிவீட்டுக் கோமதிநாயகத்தின் குழாய் ஒழுகியது. கீழ்வீட்டு முப்பிடாதி நான்கு வருடம் கெஞ்சியும் அவர் வாஷர் மாற்றவில்லை. "சொட்டுத் தண்ணிக்கா இந்தப் பாடு?" என்று சிரிப்பார். தன் வீட்டுக்குள் ஒழுகியதை அவள் ஒரு சொட்டு விடாமல் பிடித்துவைத்தாள். அண்டா நிறைந்தது, தொட்டி நிறைந்தது, புடவைகளை வெளியே எறிந்துவிட்டுப் பீரோவையும் நிரப்பினாள். அவர் மகளைப் பெண்பார்க்க வருகிற நாளில், பாதிக் குளியலில் தண்ணீர் நின்றுபோய், தலை நிறையச் சோப்பு நுரையும் கையில் வாளியுமாக வந்து நின்றார்.

"ஒரு வாளி தா தாயி. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டே இருக்காங்க."

"அதுக்கென்ன அண்ணாச்சி, உங்க தண்ணிதானே. வந்த மாதிரியே திருப்பித் தாரேன்."

வாளியைக் கீழே வைத்து, பீரோ சாவியை அரைச்சுற்றுத் திருப்பினாள். ஒரு சொட்டு விழுந்தது.

"உட்காருங்க, காப்பி போடுதேன். நேரமாவும்லா?"

தெருமுனையில் கார் ஹாரன் கேட்டது. அடுத்த சொட்டு சாவித் துவாரத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தது.