குளுவாங்கில் ஒரு வாடகை வீடு

குளுவாங் டவுனில் வாடகைக்குப் பிடித்த வீட்டுக்குச் சபாபதி பாடிக்கொண்டே சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தான். ரப்பர் தோட்டத்திலிருந்து அவனுடைய தாய்மாமன் அய்யாவு கோபமாக வந்து நின்றார்.

"வெள்ளிக்கிழமை கல்யாணமாமே? கடைக்காரர் சொல்லித்தான் எனக்கே தெரியுது."

"சாயங்காலம் உங்ககிட்ட வரணும்னுதான் இருந்தேன் மாமா."

"இருபது வயசுல புருஷனைப் பறிகொடுத்துட்டு, ரப்பர் மரத்துல பால்வெட்டி உன்னை வளர்த்தவ என் தங்கச்சி. அவளை தோட்டத்து லயத்து வீட்டுல தனியா விட்டுட்டு நீ இங்க குடித்தனம் வைக்கப் போறியா?"

"நான் லயத்துலயேதான் இருக்கப் போறேன். இந்த வீடு பொண்ணு மாப்பிள்ளைக்கு."

"மாப்பிள்ளை நீதானேடா?"

"இல்ல மாமா. தையக்கடை வீரமுத்து."

"அப்ப பொண்ணு?"

சபாபதி சுண்ணாம்பு மட்டையைக் கீழே வைத்தான். "எங்க அம்மா."

அய்யாவு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"கிருஷ்ணம்மா சம்மதிச்சாளா?"

"எத்தனையோ தடவை கேட்டும் மாட்டேன்னாங்க. போன வாரம்தான் சிரிச்சுக்கிட்டே சரின்னாங்க. அண்ணன் என்ன சொல்வாரோன்னுதான் பயப்படுறாங்க."

அய்யாவு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று கிளம்பினார்.

"எங்க போறீங்க மாமா?"

"ஜவுளிக் கடைக்கு. தங்கச்சிக்குக் கல்யாணப் புடவை அண்ணன்தான்டா எடுக்கணும்."