வேகமா, குறியா?

ஐந்தாவது நாளாக ஆர்டெல் தோட்டா செய்துகொண்டிருந்தான். வெடிமருந்தை நிறுத்துப் போடுவான், வெளியே போய்ச் சுட்டுப் பார்ப்பான், உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்புவான்.

"இன்னுமா சரியா வரல?" என்றாள் மனைவி வெர்னா.

"மருந்தைக் கூட்டினா வேகம் வருது, குறி சிதறுது. குறைச்சா குறி நிக்குது, வேகம் போயிடுது."

"நேத்து சுட்ட மூணும் ஒரே ஓட்டையில போச்சுன்னியே?"

"வேகம் பத்தல. இன்னும் ஒரு நாள் பொறு."

"நீ முடிக்கறதுக்குள்ள வயோமிங் மலையில இருக்கற மானெல்லாம் கிழடாகிச் செத்துரும்னு பக்கத்து வீட்டு ராய் சிரிக்கிறான்."

"சிரிக்கட்டும்."

வெர்னா அவன் கையிலிருந்த தராசுத் தட்டை மெதுவாக வாங்கி வைத்தாள்.

"இது மானுக்குன்னு அவன் நெனச்சுக்கிட்டிருக்கான். லாயத்துல டாலி எழுந்திரிக்க முடியாம கிடக்கு. நேத்துலேருந்து தண்ணிகூடக் குடிக்கல. இருபத்தாறு வருஷம் உன்னைச் சுமந்த குதிரை. அது வேதனை தீர பக்கத்துல நின்னு சுடறதுக்கு வேகம் என்ன, குறி என்ன, ஆர்டெல்?"

அவன் கைக்கு அகப்பட்ட ஒரு தோட்டாவை எடுத்துக்கொண்டு தளர்ந்துபோய் எழுந்தான்.

"தனியாப் போக முடியாமத்தான் அளந்துக்கிட்டே இருந்தேன்," என்றான். "கூட வர்றியா?"